கல்வராயன் மலைத் தகரக்கிளி

ஏழுமலை என்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் ஒரு கிளி இருந்தது. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் சாமந்தி மாலை. ஓர் இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. பெட்டியின் முகப்பில் காசு போடும் துவாரம், பக்கவாட்டில் கைப்பிடி. படத்துக்குக் கீழே ஒரு வரி: பழைய மிஷின், உடனே வந்து பார்க்கவும், மிக அவசரம்.

நான் மலேசியாவில், ஈப்போவில், பழைய காசு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். காசு போட்டால் ஆடும் குதிரை, பாட்டுப் பெட்டி, எடை பார்த்து அட்டையில் ராசிபலன் அடித்துத் தரும் இயந்திரம், எல்லாம் என் பட்டறைக்கு வரும். காசுக்கு ஜோசியம் சொல்லும் பறவை இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் காப்பிக் கடை முதலாளி லிம் அப்படி ஒன்றைத் தம் கடை வாசலில் நிறுத்தியே தீருவேன் என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். விற்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். காலங்காலமாகச் சும்மா கிடக்கிற ஓர் இயந்திரத்துக்குத் திடீரென்று என்ன அவசரம் வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நுழைந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் என்னைக் கவலையோடு பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அம்மா ரொம்பப் பசியா கீறாங்கோ, சீக்கிரம் குடு" என்று குரல் கொடுத்தார். இலை நிறைய இட்லி வந்தது. நான் போதும் என்று கையால் இலையை மறைத்தபோதெல்லாம் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து இன்னொன்று வைத்தார். எழுந்திருக்கவே சிரமமாக இருந்தது.

வெள்ளிமலை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊர் பஸ்கள் நேரத்துக்கு வரும், உள்ளே நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். இங்கே பஸ் வந்ததே பெரிய விஷயம். வந்த பிறகு ஊரே உள்ளே இருந்தது. பின் சீட்டில் இரண்டு பெண்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். "பேண்ட் போட்டுக்கினு வந்துக்கீது, பைய மடிய வுட்டு எறக்க மாட்டேங்குது. போலீஸா இருக்கும்." "போலீஸ் இன்னாத்துக்கு டிக்கெட் எடுக்குது?" இரண்டாமவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் அந்த விவாதம் அத்தோடு முடிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டியது. சாலையின் அகலம் முழுக்கக் கரும்பு. டிரைவர் ஹாரனை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கண்டக்டர் இறங்கி நடந்தே டிராக்டரைப் பிடித்து, கட்டிலிருந்து சில கரும்புகளை உருவிக்கொண்டு திரும்பினார். டிரைவருக்கு ஒன்று, முன் சீட்டுக் கிழவருக்கு ஒன்று, வெளியூர்க்காரி என்பதால் எனக்கு ஒன்று. மலை ஏறும்வரை பஸ்ஸில் கரும்பு கடிக்கும் சத்தம் மட்டும்தான். வளைவுகளில் பஸ் சாயும்போது எல்லோரும் மெல்லுவதை நிறுத்துவார்கள். நிமிர்ந்ததும் தொடர்வார்கள்.

ஏழுமலை நிறுத்தத்திலேயே காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கீழே கச்சிராயபாளையத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறாராம். வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "மேடம், ஒடைக்காம தொறக்க முடியுமா?"

"எதை?"

"மிஷினத்தான்."

"முதலில் பார்க்கிறேன்."

"பாருங்க. ஆனா ஒடைக்காம."

இயந்திரம் அவருடைய அக்கா அஞ்சலையின் டீக்கடையில் இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் கடை. பின்பக்கமே வீடு. அஞ்சலை கணவரோடு அந்தக் காலத்தில் கீழேயிருந்து வந்து கடை போட்டவர். கணவர் போன பிறகும் அவரே நடத்துகிறார். கனத்த உடம்பு, கனத்த குரல். கல்லாவுக்குப் பக்கத்தில், சாமி படங்களுக்குக் கீழே, கிளி மாலையோடு வீற்றிருந்தது. நான் அதை நோக்கி நடந்தேன். அஞ்சலை குறுக்கே வந்தார்.

"யார்டா இவங்க?"

ஏழுமலையின் கண் என் திறந்த பையில் விழுந்தது. இயந்திரத்தின் உள்மூலைகளைப் பார்க்க நான் பல் மருத்துவர்களின் குட்டிக் கண்ணாடியும் கொக்கிகளும் வைத்திருப்பேன். "மலேசியா பல்லு டாக்டர்க்கா" என்றார்.

எனக்கு மறுக்க நேரமே கிடைக்கவில்லை. அஞ்சலை அடுப்பைத் தணித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பேருந்தில் கரும்பை வாங்கி மடியில் வைத்திருந்த கிழவரும் வந்து நின்றார், அவருக்கு எனக்குத் தெரிந்து பல்லே இல்லை.

"அம்மா, நான் பல் டாக்டர் இல்லை. பழைய மிஷின் ரிப்பேர் செய்கிறவள். உங்கள் கிளியைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

அஞ்சலை வாயை மூடினார். தம்பியைப் பார்த்தார். ஏழுமலை டீ கிளாஸ்களைக் கழுவப் போய்விட்டார்.

"கிளிய எதுக்குப் பாக்கணும்?"

"ஓடுமா என்று பார்க்கத்தான்."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. கள்ளக்குறிச்சியில் பொருட்காட்சி போட்டவர்கள் திரும்பிப் போகும்போது லாரியில் இடமில்லை என்று இதை விட்டுவிட்டுப் போனார்களாம். அவரும் கணவரும் பலாப்பழ வண்டியில் ஏற்றி மேலே கொண்டுவந்தார்களாம். "ஒரு வாட்டி கூட ஆடுனது இல்ல. ஆனா இது வந்தப்பறம் யாவாரம் ஜாஸ்தி. அதான் பூ போடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணு ரேவதிக்கு நாளான்னிக்கு நிச்சயம். களமருதூர் மாப்ள. அவுங்கள்லாம் வர்றப்ப இது கொஞ்சம் ஆடுனா நல்லா இருக்கும். ஆடுமா?"

"பார்க்கிறேன்."

"பாரு. ஆனா ஒடிச்சிடாத."

அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடையின் பின்பக்கத்தில் தார்ப்பாய் விரித்து வேலையைத் தொடங்கினேன். ஓர் இயந்திரம் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க முதலில் திருகாணியைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் அங்குலக் கணக்கில் மரை வெட்டுவார்கள். இதில் மில்லிமீட்டர். ஆகவே இது இங்கிலாந்து இயந்திரம் என்று நான் விமானத்தில் வரும்போது கட்டியிருந்த மனக்கோட்டை இடிந்தது. அடுத்தது சாயம். கிளியின் தலையில் ஓரிடத்தில் மட்டும் பஞ்சில் திரவம் தொட்டுத் தேய்த்தேன். பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை. அதற்கு அடியில் பழுப்பு. பழுப்பில் சின்னச் சின்ன இறகுகள் அழகாக வரையப்பட்டிருந்தன. உச்சந்தலையில் புடைப்பாக இருந்த இடத்தைச் சுரண்டியபோது பூச்சு உதிர்ந்து, சுத்தியலால் அடித்து மடக்கிய ஒரு தகடு தெரிந்தது. சிவப்புத் தகடு. ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருந்தது.

கொண்டை.

ஜெர்மனியில் ஒரு காலத்தில் ரயில் நிலையங்களிலும் கடை வாசல்களிலும் தகரக் கோழிகள் இருந்தன. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் கோழி கொக்கரிக்கும், மிட்டாய் அடைத்த தகர முட்டை ஒன்றை இடும். அவற்றில் ஒன்று எப்படியோ கடல் தாண்டி வந்திருக்கிறது. கோழியை வைத்துப் பிழைக்க முடியாத யாரோ ஒருவர் மூக்கை வளைத்து, கொண்டையை மடக்கி, பச்சை அடித்து ஜோசியக் கிளியாக்கி, துவாரத்தையும் நாலணாவுக்கு மாற்றிவிட்டார். இவ்வளவு குண்டான கிளியைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மதியம் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார்கள். குழம்பு அபாரமாக இருந்தது. அந்தச் சமயத்தில் அந்தக் குழம்பை வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அம்மா, அது கிளி இல்லை. கோழி."

அஞ்சலை கரண்டியோடு நின்றார். ரேவதி தண்ணீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினாள். அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணப் பெண்ணுக்கு உரிய அடக்கம் எதுவும் அவளிடம் நான் பார்க்கவில்லை.

"இத்தினி வருஷமா கோழிக்கா பூ போட்டுக்கினு இருந்தேன்?"

"ஆமாம்."

அவர் கரண்டியைக் குழம்பில் வைத்தார். "கோழின்னா முட்டை போடணுமே."

"போடும். ஜெர்மனியில் போட்டது."

"அப்போ சரி" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: பச்சையைச் சுரண்டக் கூடாது. கோழியாக இருந்தால் என்ன, பச்சையாகவே இருக்கட்டும், சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைக் கிளியாகப் பார்த்துப் பழகியவர்கள் என்றார். என் தொழிலில் இதைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அஞ்சலையோடு சண்டை போடும் தைரியம் எனக்கு இல்லை.

பிற்பகலில் இயந்திரத்தின் பின்கதவுப் பூட்டைக் கொக்கியால் திறந்தேன். ஏழுமலை டார்ச் பிடித்தார். வெளிச்சத்தை அவர் காசுத் துவாரத்தின் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார். குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். முட்டை வரும் குழாயில் ஒரே ஒரு தகர முட்டை துருவோடு சிக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, காசு இறங்கும் தடத்தில், நெம்புகோலுக்கும் தகட்டுக்கும் இடையில் ஏதோ மஞ்சளாக மின்னியது. பித்தளை அப்படி மின்னாது.

"ஏழுமலை, உள்ளே தங்கம் இருக்கிறது."

"மெதுவா பேசுங்க மேடம்" என்றார் அவர். பிறகு டார்ச்சை அணைத்தார்.

விஷயம் இதுதான். தாய்மாமன் சீராக ரேவதிக்குத் தங்கக்காசு போடுகிறேன் என்று அவர் உறவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வாங்கியும் வந்துவிட்டார். அக்காவிடம் காட்டுவதற்காகக் கடையில் காத்திருந்தபோது, கிளிப் பெட்டியின் துவாரம் கண்ணில் பட்டிருக்கிறது.

"அந்த நாலணா ஓட்டையும் காசும் கரெக்டா ஒரே சைஸ் மேடம். பூருதான்னு பாத்தேன். பூந்துட்ச்சி."

"அதற்காக என்னை மலேசியாவிலிருந்து வரவழைத்தீர்களா? அப்படியானால் விற்பனை?"

"விக்கறதுக்கு இல்ல மேடம்." அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கடப்பாரை வெச்சி ஒடச்சிருப்பேன். அக்கா என்னிய ஒடச்சிடும்."

எனக்கு வந்த கோபத்தில் கருவிகளை எல்லாம் பையில் திணிக்க ஆரம்பித்தேன். லிம்மிடம் என்ன சொல்வது, இவ்வளவு தூரம் எதற்கு வந்தேன், எல்லாம் மண்டைக்குள் ஓடியது. அப்போது ரேவதி கதவருகே வந்து நின்றாள்.

"மாமாவத் திட்டாதீங்க மேடம். போன்ல தேடி உங்களுக்கு மெசேஜ் போட்டதே நான்தான். அவருக்கு போன்ல டைப் பண்ணத் தெரியாது. எதுக்குன்னும் எனக்குத் தெரியும்." ஏழுமலை அதிர்ந்துபோய்த் திரும்பினார். தான் எதற்காக ஆள் தேடச் சொன்னோம் என்பது மருமகளுக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். "காச முழுங்குனது கிளின்னு அன்னிக்கே தெரியும். மாமா, நீங்க அத எத்தினி வாட்டி குனிஞ்சி குனிஞ்சி பாத்துக்கினு இருந்தீங்க."

அவள் சிரிப்பைப் பார்த்த பிறகு கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அதோடு, முட்டையிடக் காத்திருக்கும் தகரக் கோழியை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கும் மனசு வராது. பையிலிருந்து காசைக் கவ்வி எடுக்கும் சாமணத்தை மறுபடி எடுத்தேன்.

காசு வெளியே வந்ததும் ஏழுமலை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரேவதிதான் யோசனை சொன்னாள். காசை அந்தத் தகர முட்டைக்குள் வைத்துவிட வேண்டும். நாளை எல்லோர் முன்னிலையிலும் மாமா கைப்பிடியைத் திருக, கோழி முட்டையிட, மாமா முட்டையைத் திறந்து சீர் கொடுப்பார். அம்மா கேட்டது போல ஆடியதாகவும் ஆயிற்று, மாமா சொன்னது போலக் காசு கொடுத்ததாகவும் ஆயிற்று.

சாயங்காலம்வரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தோம். பித்தளைப் பாகங்களை அஞ்சலையின் புளியால் தேய்த்தோம். கொக்கரிக்கும் துருத்தியின் தோல் பொடிந்து போயிருந்ததால் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். அதனால் சத்தம் கோழி போலவும் இல்லை, கிளி போலவும் இல்லை. பெரிய மனிதர் ஒருவருக்கு விக்கல் எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. துவாரத்துக்கு நாலணா வேண்டும். அது இப்போது எங்கே கிடைக்கும்? என் பர்ஸில் இருந்த எங்கள் ஊர்ப் பத்து சென் காசைப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்தது போல இறங்கியது.

நிச்சய நாளன்று களமருதூர்க்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தன் நெல் விவசாயி. ஆறடி உயரம், வெள்ளை மீசை, எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத கை. ஏழுமலை பூ வாங்கப் போயிருந்தார். கோவிந்தன் கடைக்குள் வந்தார், பச்சைக் கோழியைப் பார்த்தார், பக்கத்தில் வெற்றிலைத் தட்டில் பொட்டு வைத்துத் தயாராக இருந்த பத்து சென் காசைப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. போட்டார். திருகினார்.

கோழி விக்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை விக்கியது, உடம்பைக் குலுக்கியது, டங் என்று முட்டையிட்டது. கோவிந்தன் முட்டையை எடுத்து இரண்டாகத் திருகித் திறந்தார்.

"தங்கம்" என்றார். "சம்மந்திம்மா, எனக்குன்னு இப்டி ஒரு மருவாத எங்க ஊர்ல கூட ஆரும் செஞ்சது இல்ல." காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒரு முறை தட்டிக்கொண்டார்.

பூவோடு திரும்பிய ஏழுமலை வாசலில் நின்றபடி இதைப் பார்த்தார். பூக்கூடை கையில் சாய்ந்தது. நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் முதல் முறையாகப் பயந்திருந்தாள். அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சம்மந்தி சந்தோஷமாக இருந்ததால் அவரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தட்டு மாற்றும் சமயம் வந்தது. "தாய்மாமன் சீர் எங்கப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஏழுமலை எழுந்தார். அவர் பார்வை கோவிந்தனின் சட்டைப் பையிலேயே இருந்தது. கோவிந்தன் குனிந்து தம் பையைப் பார்த்தார், ஏதாவது கறை இருக்கிறதோ என்று.

"ஏழுமல" என்றார் அஞ்சலை, அந்தக் கனத்த குரலில். "எங்கடா காசு?"

ஏழுமலை பொய் சொல்ல வாயைத் திறந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். "அவரு பாக்கெட்ல கீதுக்கா" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். துவாரம், நாலணா, பூந்தது, மலேசியா, பல் டாக்டர், முட்டை. ஒன்றையும் விடவில்லை.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர், துண்டை வாயில் வைத்துக் குலுங்கினார். அதைப் பார்த்து ரேவதி சிரித்தாள். கோவிந்தன் எழுந்து வந்து காசை எடுத்து ஏழுமலையின் கையில் வைத்து, அவர் கையைத் தாமே பிடித்துத் தட்டில் காசைப் போட வைத்தார். "மச்சான், பூருதான்னு நானுந்தான் பாத்தேன். எனக்கு முட்டை, உனக்கு இல்ல, அவ்ளோதான்" என்றார். கடையே அதிர்ந்தது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. தம்பியை முறைத்துக்கொண்டே அவர் கையிலிருந்த பூக்கூடையை வாங்கிக்கொண்டார். அதுதான் மன்னிப்பு என்று ரேவதி பிறகு எனக்குச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது கோவிந்தன் மெல்ல ஆரம்பித்தார். "சம்மந்திம்மா, நாங்க நகை நட்டுன்னு ஒண்ணும் கேக்கல. அந்தக் கோழிய மட்டும் குடுத்துடுங்க. வூட்டு வாசல்ல வெச்சிப்பேன்."

அஞ்சலை வெற்றிலையைக் கீழே வைத்தார். "பொண்ணத்தான் குடுக்கறோமே. கோழிய எதுக்குங்க கேக்கறீங்க?"

கோவிந்தன் இன்னொரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். லிம்முக்காக நான் கேட்பதாக இருந்த கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் நான் கிளம்பியபோது என்னிடம் இருந்த பத்து சென் காசுகளை எல்லாம் அஞ்சலையிடம் கொடுத்தேன். கோழிக்குத் தீனி என்றேன். அவர் உள்ளே போய், மூடிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "வெறுங்கையோட அனுப்ப முடியுமா? இது நெஜக் கோழி." வேண்டாம் என்று சொல்ல முயன்றேன். ஏழுமலை வேகமாகத் தலையை ஆட்டி, சொல்லாதீர்கள் என்று சைகை காட்டினார். அக்காவை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இறங்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது. நல்ல கோழிதான், கொண்டை நிமிர்ந்து சிவப்பாக, சாயம் ஏதும் இல்லாமல். "இன்னா வெல சொல்றீங்கோ?" என்று கேட்டார்.

எனக்கு மறுநாள் காலையில் விமானம். ஈப்போவுக்கு உயிருள்ள கோழியைக் கொண்டுபோக முடியாது. கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லை. இதையெல்லாம் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். பிறகு கூடையை மூடி, மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னேன்:

"விக்கறதுக்கு இல்லைங்க."